உந்த வளவு மாங்காய்

முருங்கைக்காய் லாரியின் மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த என்னைக் கீழே இறங்கச் சொல்லி, யாழ்ப்பாணம் போய்விட்டு வா என்றார் முதலாளி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் பாஸ்போர்ட் வைத்திருக்கிற சுமைதூக்கி நான் ஒருவன்தான். மஸ்கட்டுக்கு ரோடு போடப் போய், ஏஜெண்ட் ஏமாற்றி, வெறுங்கையோடு திரும்பியதில் மிஞ்சிய சொத்து அது.

விஷயம் இதுதான். எங்கள் பக்கம் முருங்கை பூவெடுக்கும்போதே காய்க்கு விலை பேசிவிடுவார்கள். பேச்சு இரண்டு பேருக்குள் நடக்கும், மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. விலை ஏறினால் விற்றவர் போனை எடுக்க மாட்டார், இறங்கினால் வாங்கியவர் எடுக்க மாட்டார். ஒருவர் கைவிரித்தால் அவரை நம்பி அடுத்தவருக்கு வாக்குக் கொடுத்தவரும் மாட்டிக்கொள்வார். போன பருவத்தில் அப்படி ஒரு சரிவு நடந்து, எங்கள் சங்கத்தில் பாதிப் பேர் மீதிப் பேரோடு பேசுவதில்லை. கொடிகாமம் சந்தையில் மாங்காய்க்கு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், நடுவில் ஓர் ஆளை நிறுத்தியிருக்கிறார்கள் என்று யாரோ முதலாளி காதில் போட்டிருந்தார்கள்.

"எல்லாத்தையும் பார்த்துட்டு வா. ஒண்ணை மட்டும் மறக்காம கேளு. எல்லாருக்கும் நடுவுல நிக்கிறானே, அவன் விழுந்தா யாரு தூக்குறது?"

படித்தவர் யாரையாவது அனுப்பலாமே என்றேன்.

"படிச்சவன் ஓட்டல்ல ரூம் கேப்பான்" என்றார்.

எனக்கு நல்லூரில் ஒரு டியூஷன் கட்டடத்தின் மாடியில் இடம் கிடைத்தது. பாய், தலையணை, ஓயாமல் கீச்சிடும் ஒரு மின்விசிறி. லாரிக்கு அடியில் படுத்துப் பழகியவனுக்கு அது ராஜ போகம். என்ன, விடிவதற்குள் கீழே சைக்கிள்கள் வந்து சாய ஆரம்பித்துவிடும். அப்புறம் தரை வழியாக இரசாயனப் பாடம் ஏறி வரும். ஒரு வாரத்தில் நான் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அதிகம் படித்துவிட்டேன்.

முதல் நாள் காலை பாணும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டேன். பாண் என்றால் நம் ரொட்டி. கடைக்காரர் சம்பலை அள்ளி வைத்த தாராளத்தை எங்கள் ஊர் ஓட்டல் முதலாளிகள் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். கூடவே பால் இல்லாத இஞ்சித் தேநீர். பிறகு கொடிகாமத்துக்குப் பஸ்.

பஸ்ஸில் ஒரு பெண் "இறக்கம்!" என்று கத்தினார். சரிவு வருகிறது, வண்டி வேகமெடுக்கப் போகிறது என்று நினைத்துக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பஸ் நின்றது. பெண் இறங்கிப் போய்விட்டார். தட்டையான நிலம். கண்ணுக்கு எட்டியவரை பனை, வயல், மதில். சரிவு எங்கிருந்து வரும்? இறங்க வேண்டும் என்பதைத்தான் இவர்கள் இறக்கம் என்கிறார்கள். என் முறை வந்தபோது நானும் கத்தினேன். குரல் அதிகமாகிவிட்டது போல. கண்டக்டர் "அண்ணை, பஸ்ஸை உடைக்காதையுங்கோ" என்றார்.

சந்தையில் அடுத்த அடி வாங்கினேன். ஒருவரிடம் மாங்காய் எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று கேட்டதற்கு, "எனக்கென்ன, என்னட்டைப் பட்டா இருக்கு" என்றார். நிலம் வைத்திருக்கிறவர் போலிருக்கிறது என்று மரியாதையாக ஒதுங்கினேன். பட்டா என்றால் இங்கே சின்ன லொறி. அதுவும் அவருடையது பின்கதவு இல்லாத பட்டா.

நடுவில் நிற்கும் மனிதரைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. யாரைக் கேட்டாலும் "லண்டன் சேகரமோ?" என்று சந்தைக்குப் பின்னால் கை காட்டினார்கள். தகரக் கொட்டகை, ஒரு மேசை, தராசு, அடுக்கி வைத்த பிளாஸ்டிக் கூடைகள். சேகரம் என் வயதுக்காரர், ஐம்பதைத் தொடுகிறவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, லண்டனில் பல வருடம் வேலை பார்த்து, அலுத்துப்போய்த் திரும்பியவர். அரைக்கால் சட்டையும் கறுப்புக் காலுறையும் அணிந்திருந்தார். காலுறை மட்டும் லண்டனை விட்டு வரவில்லை.

வந்த காரியத்தைச் சொன்னேன். கூடையைக் கவிழ்த்து உட்காரச் சொன்னார்.

"வங்கிகளும் உம்மடை முருங்கைக்காய்க்காரர் மாதிரித்தான்" என்றார். "வட்டி ஏறினால் நான் உமக்கு இவ்வளவு தாறன், இறங்கினால் நீர் எனக்குத் தாரும் எண்டு ரெண்டு பேர் தங்களுக்குள்ளை பேசுவினம். காய் மட்டும்தான் இல்லை. பெரிய வங்கி ஒண்டு விழுந்த நேரம், ஆர் ஆருக்கு என்ன சொன்னவை எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்டினம். பேந்து அரசாங்கங்கள் கூடி, இனி நடுவிலை ஒருத்தரை வைச்சுப் பேசுங்கோ எண்டு சொல்லிச்சினம். நான் அந்த நடுவிலைதான் வேலை செய்தனான்."

கொடிகாமத்தில் அவர் செய்வது அதேதான். மரக்காரர் சேகரத்துக்கு விற்கிறார். வாங்குபவர் சேகரத்திடம் வாங்குகிறார். மரக்காரர் கைவிரித்தாலும் வாங்குபவருக்குக் காய் கொடுப்பது சேகரத்தின் பொறுப்பு. அதற்குக் காப்பு என்ன என்றேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு வளவுக்குக் கூட்டிப் போனார். வீட்டைச் சுற்றி வேலி போட்ட தோப்பை வளவு என்கிறார்கள். அங்கே ஒரு மாமரத்தின் இடுப்பில் நீல நைலான் கயிறு கட்டியிருந்தது.

"பொதுமரம். சேர்ந்த ஒவ்வொருத்தரும் தங்கடை வளவிலை ஒரு மரத்தைக் கடைசி வரைக்கும் பிடுங்காமல் விடவேணும். ஒருத்தர் விழுந்தால் மற்றவையின்ரை பொதுமரக் காய் வரும்."

"காத்தடிச்சா?"

சேகரம் சிரித்தார். "லண்டனிலையும் இதே தலையிடிதான். காத்தடிக்கிற நேரம்தான் இன்னொரு மரம் கட்டுங்கோ எண்டு கேட்கவேணும். காத்தடிக்கிற நேரம்தான் ஒருத்தரிட்டையும் கட்ட மரம் இராது."

இதையெல்லாம் யார் மேற்பார்க்கிறார்கள் என்று கேட்டேன். ஒரு கந்தோருக்குப் போனாராம். அலுவலகத்துக்கு இங்கே அந்தப் பெயர். இது விவசாயம் இல்லை, வியாபாரம் என்றார்களாம். வியாபாரக் கந்தோரில், பொருள் இன்னும் மரத்தில் இருப்பதால் இது விவசாயம் என்றார்களாம். "ரெண்டு பேரும் நல்ல தேத்தண்ணி தந்தவை" என்றார்.

மூன்றாம் நாள் சேகரம் என்னைப் பருத்தித்துறைக்கு அனுப்பினார், நீலக் கயிறு வாங்க. மீன்பிடிக்காரர் கயிறுதான் மழைக்கும் வெயிலுக்கும் நிற்குமாம். அங்கே பாக்கியம் அக்காவைப் பார்க்கவும் சொல்லியிருந்தார். அவர்தான் சேகரத்திடம் அதிகம் வாங்குகிறவர். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. முற்றமெல்லாம் வைக்கோல், மாங்காய், கூடை. பெரிய குரல். நாலைந்து பெண்களை வைத்துக் காய் பிரித்துக் கொழும்புக்கு ஏற்றுகிறார். எனக்குத் தட்டை வடை கொடுத்தார். அந்த ஊர் வடை அது, கடித்தால் காதுக்குள் சத்தம் கேட்கும்.

"முந்தி ஒரு முதலாளியிட்டை மட்டும்தான் வேண்டினனான்" என்றார். வேண்டுவது என்றால் வாங்குவது என்று அதற்குள் எனக்குப் பழகிவிட்டது. "அவர் தாறதுதான் காய், சொல்லுறதுதான் விலை. ஒருக்கால் எதிர்த்துக் கதைச்சதுக்கு ஒரு கிழமை முழுக்கக் காய் தரேல்லை. சேகரம் வந்தாப்பிறகுதான் நிமிந்தனான். இப்ப கொழும்பிலை புதுக்கடை ஒண்டு பிடிச்சிருக்கிறன். வெள்ளிக்கிழமை முதல் லோட். மீசாலை வளவுக் கறுத்தக்கொழும்பான்தான் வேணுமெண்டு நிக்கினம். அது பிழைச்சால் கடை போச்சு. பழைய முதலாளியின்ரை படலை வாசலிலை போய் நிக்கவேண்டியதுதான்."

கறுத்தக்கொழும்பான் என்பது மாம்பழத்தின் பெயர். ஒன்று தின்னக் கொடுத்தார். எங்கள் ஊர் மாம்பழங்களைப் பற்றி நான் இனி வாயைத் திறப்பதாக இல்லை.

திரும்பும்போது பஸ் வழியில் நின்றுவிட்டது. டிரைவர் பெல்ட் அறுந்ததென்றார். எல்லோரும் இறங்கிப் பூவரச நிழலில் நின்றோம். அங்கேதான் காற்று பிடித்தது. சோளகம் என்று சொன்னார்கள், இந்த மாதங்களில் தெற்கிலிருந்து அடிப்பது. அன்றைக்குக் கொஞ்சம் கோபமாக வந்தது. ஒரு பெரியவரின் குடை பனை உயரத்துக்குப் போனது. அவர் அதை நிதானமாகப் பார்த்துவிட்டு, "சரி, அது வீட்டை போகட்டும்" என்றார். கயிற்றுச் சுருளைத் தலைக்கு வைத்துச் சாய்ந்துகொண்டேன். வேறு பஸ் வரும்வரை நல்ல தூக்கம்.

காற்று கொடிகாமத்தில் காயை உதிர்த்துவிட்டது. பக்கத்து ஊரான மீசாலை தப்பியது. விலை ஒரே இரவில் ஏறியது. சேகரம் ஒவ்வொரு வளவாகப் போய் இன்னொரு மரத்துக்குக் கயிறு கட்டக் கேட்டார். நான் வாங்கி வந்த சுருள் அப்படியே திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பாக்கியம் அக்கா தன் வாடகை லொறியோடு கொட்டகைக்கு வந்துவிட்டார். மத்தியானத்துக்குள் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். காய் வரவில்லை. மரக்காரர் சிவபாலன் மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்தார். வாட்டசாட்டமான, எளிதில் முகம் சிவக்கிற மனிதர்.

"என்ன அண்ணை, காய் எங்கை?" என்றார் சேகரம்.

"எந்தக் காய்? காத்திலை எல்லாம் கொட்டுண்டு போச்சு. நீர்தானே பார்த்தனீர்."

"கொட்டுண்டது உங்கடை கொடிகாம வளவு. அக்காவுக்கு நீங்கள் தந்தது மீசாலை வளவெல்லோ?"

"ஆர் சொன்னது மீசாலையெண்டு?"

சேகரம் கைப்பேசியை எடுத்து, பூப் பருவத்தில் சிவபாலன் அனுப்பிய குரல் செய்தியைப் போட்டார். காற்றொலிக்கு நடுவே சிவபாலன் பேசினார்: "சேகரம், உந்த வளவுக் காய் முழுக்க எழுதிக்கொள்ளும்."

"கேட்டீங்களோ? உந்த வளவு" என்றார் சேகரம்.

"அதைத்தானே நானும் சொல்லுறன், உந்த வளவு" என்றார் சிவபாலன்.

இருவரும் ஒன்றையே சொல்லிச் சண்டை போடுவது எனக்குப் புரியவில்லை. பாக்கியம் அக்கா தலையில் அடித்துக்கொண்டு எனக்கு விளக்கினார். "இந்த எண்டால் எனக்குப் பக்கத்திலை. அந்த எண்டால் தூரத்திலை. உந்த எண்டால் உமக்குப் பக்கத்திலை, கேட்கிற ஆளுக்குப் பக்கத்திலை. விளங்குதோ?"

சட்டென்று எட்டாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து என்று பலகையில் எழுதிய தமிழ் வாத்தியாரிடம், உ-வுக்கு ஒரு உதாரணம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைப் பெஞ்சு மேல் ஏற்றினார். அந்த உதாரணம் இத்தனை வருடமும் கொடிகாமத்தில் இருந்திருக்கிறது.

நடந்தது இதுதான். சேகரம் எப்போதும் கொட்டகையில் இருப்பவர். கொட்டகைக்குப் பின்னால் இருப்பது சிவபாலனின் கொடிகாம வளவு. அதை நினைத்துத்தான் சிவபாலன் உந்த வளவு என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்குச் சேகரம் மீசாலையில் நின்றிருக்கிறார், சிவபாலனின் இன்னொரு வளவுக்கு எதிரில். அங்கே நின்று செய்தியைக் கேட்டவர், உந்த என்றால் எதிரில் இருப்பதுதான் என்று எடுத்துக்கொண்டு, பாக்கியம் அக்காவுக்கு மீசாலை வளவைக் கொடுத்துவிட்டார்.

இரண்டு பேருக்குள் மட்டும் பேச்சு இருக்கும்வரை அந்தச் சொல்லில் தப்பில்லை. மூன்றாவது ஆள் நடுவில் வந்ததும் தோப்பே இடம் மாறிவிட்டது.

"சரி, பிழை என்ரைதான்" என்றார் சேகரம். "இப்ப மீசாலைக் காயைத் தாங்கோ, இண்டைய விலைக்கு எடுக்கிறன்."

சிவபாலன் முகம் சிவந்தார். "அது குடுத்தாச்சு. சாவகச்சேரியிலை ஒராளுக்கு, நேரை."

"நேரை எப்பிடிக் குடுக்கேலும்? சேர்ந்த ஆக்கள் எல்லாம் என்னூடாகத்தானே குடுக்கவேணும்."

"மாங்காய்க்குக் காசு எண்ட ஒரே மாதிரிப் பேச்செண்டால்தான் உம்மூடாக. வித்தியாசமான பேச்செண்டால் நேரை குடுக்கலாம். நீர்தானே அப்பிடி வைச்சனீர். எங்கடை பேச்சிலை ஒரு ஆடும் இருக்கு."

"ஆடோ?"

"ஓம். மாங்காய்க்கு அவர் ஆடும் தாறார்."

பாக்கியம் அக்காவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "ஆட்டை ஏன் சேர்த்தனீங்கள் எண்டு தெரியும் அண்ணை. சேகரத்தைச் சுத்திப் போறதுக்கு!"

சேகரம் சிரிக்கவில்லை. "லண்டனிலையும் உதே விளையாட்டுத்தான்" என்றார் என்னிடம். "ஆடு மட்டும்தான் இல்லை."

சிவபாலன் கிளம்பிப் போய்விட்டார். கொட்டகையில் மூன்று பேரும் ஒரு காலி லொறியும். பாக்கியம் அக்காவின் பெரிய குரல் பேசாமல் இருந்ததுதான் பார்க்கச் சங்கடமாக இருந்தது. பொதுமரங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் காய்க்கு இன்றைக்கு யாரும் எந்த விலையும் கொடுப்பார்கள், சேகரம் கொடுக்கப்போவது பூப் பருவத்தில் பேசிய விலை. வரமாட்டேன் என்றால் கேட்க ஒரு சட்டம் இல்லை, ஒரு கந்தோர் இல்லை. பின் கதவு இல்லாத பட்டாக்காரர்கூட மறுக்கலாம்.

சேகரம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "நீர் எடுத்துக் கதையும்."

"நானா?"

"உம்மடை தமிழிலை உ இல்லை. நான் கதைச்சால் உந்த மரமெண்டுதான் வாயிலை வரும். இண்டைக்கு இன்னொரு பிழை தாங்கேலாது."

ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். எங்கள் லாரி ஷெட் குரலில், ஒரு சொல் விடாமல் சொன்னேன்: உங்கள் வளவில், நீலக் கயிறு கட்டின மரத்தில், இருக்கிற காய் முழுவதும், கொடிகாமம் சந்தைக்குப் பின்னால் உள்ள கொட்டகைக்கு, மத்தியானத்துக்குள்.

"ஆர் கதைக்கிறது? இந்தியாவோ?" என்றார் ஒருவர். "போர் ஒண்டும் இல்லைத்தானே?" இன்னொருவர் நான் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லி, ஒலிபெருக்கியில் போட்டு வீட்டாருக்குக் கேட்கவைத்தார். பின்னால் பெண்கள் சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், கேட்டுக்கொண்டார்கள். வருகிறேன் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

காத்திருந்தோம். பக்கத்துக் கடையில் இடியப்பமும் சொதியும் வாங்கி வந்தேன். நான் மட்டும் சாப்பிட்டேன். பசிக்கு எந்த வருத்தமும் தெரியாது என்பது என் அனுபவம். லொறி டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார்.

வந்த வேலையையாவது முடிப்போம் என்று, சேகரத்திடம் கேட்டேவிட்டேன். "எங்க மொதலாளி ஒண்ணு கேட்கச் சொன்னார். நடுவுல நிக்கிற நீங்க விழுந்தா, யார் தூக்குறது?"

சேகரம் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். எனக்கு எதிரே கூடை மேல் உட்கார்ந்திருந்த பாக்கியம் அக்கா என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். மெல்ல எழுந்தார்.

"உவை" என்றார்.

எனக்கு அதற்குள் அந்தச் சொல் தெரியும், என் பக்கத்தில் இருக்கிறவர்கள். திரும்பிப் பார்த்தேன்.

கதவில்லாத பட்டா வந்துகொண்டிருந்தது, காய் விழாமல் இருக்கப் பின்னால் ஒருவர் கையை விரித்து உட்கார்ந்திருந்தார். அதற்குப் பின்னே உழவு இயந்திரத்தில் பெட்டி பூட்டிய வண்டி. சைக்கிளில் ஆளுக்கொரு கூடை. எல்லோரும் வரவில்லை. வந்தவர்களில் சிலர் மரத்தில் பாதியை வீட்டில் வைத்துவிட்டு வந்தது கூடையைப் பார்த்தாலே தெரிந்தது. கடைசியில் சிவபாலன், ஒரு ஓட்டோவில். உள்ளே மீசாலை வளவுப் பொதுமரத்துக் காய் கூடைகளோடு, வெளியே தலையை நீட்டிக்கொண்டு ஓர் ஆடு.

"பொதுமரத்திலை நான் கை வைக்கேல்லை" என்றார் யார் முகத்தையும் பார்க்காமல். "அதிலை ஆடு இல்லை."

பாக்கியம் அக்காவின் குரல் திரும்பி வந்துவிட்டது. "ஆர் இதுக்குள்ளை அம்பலவி மாங்காயைக் கலந்தவன்? எனக்குக் கண் இல்லையெண்டு நினைச்சியளோ? சேகரம், உதைப் பிரியும்! இந்தியா, சும்மா நிக்காமல் தூக்கும்!" எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதானே. தூக்கினேன். மேல் வரிசை நிறையாமலேதான் லொறி கிளம்பியது. ஆனால் கிளம்பியது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு முதலாளிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டைப் பற்றிக் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. எங்கள் சங்கத்திலும் அப்படிப்பட்ட ஆடுகள் யார் யாரிடம் இருக்கும் என்று யோசித்திருப்பார்.

"அது சரி. அடுத்த தடவை இதைவிடப் பெரிய காத்து அடிச்சா வருவாங்களா? நம்ம ஊர்ல வருவாங்களா? அதைக் கேளு."

எனக்கெங்கே தெரியும். ஒலிபெருக்கியைப் போட்டுச் சேகரத்திடம் நீட்டினேன். அவர் பாக்கியம் அக்காவைக் காட்டினார். அக்கா குனிந்து கைப்பேசிக்குள் சத்தமாகச் சொன்னார்:

"உதை உவையிட்டைத்தான் கேட்கவேணும்."

"என்னய்யா சொல்லுது அந்தம்மா? யாருகிட்ட?"

"உங்க பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட, மொதலாளி."

அவர் போனை வைக்கவில்லை. மறுமுனையில் முருங்கைக்காய்க் கட்டுகள் விழும் சத்தமும், பேச்சுவார்த்தை இல்லாத எங்கள் சங்கத்துக்காரர்கள் தனித்தனியாக ஏலம் கூவும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.